பிரேமுக்கு விலை சொல்லப் படித்த விதம்

படத்துக்குச் சட்டம் போடும் தொழிலில் 45 டிகிரி வெட்டும் மூலை ஒட்டும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். விலை சொல்வது அப்படித் தானாக வராது. அதை உட்கார்ந்து படிக்க வேண்டும். அமெரிக்காவில் பிரேம் தொழிலாளர்களுக்கு நடத்தும் சி.பி.எஃப். (Certified Picture Framer) சான்றிதழ்த் தேர்விலேயே கணக்கு ஒரு பகுதியாக இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் கடையில் பக்கத்தில் நின்று, முதலாளி என்ன சொல்கிறார் என்று காதில் வாங்கித்தான் கற்கிறோம். அவர் எப்படி அந்த எண்ணுக்கு வந்தார் என்பது அவர் மனசுக்குள்ளேயே இருந்துவிடும். அந்தப் பகுதியை நான் நோட்டுப் போட்டுப் படித்தேன். புதிதாகக் கடை வைக்க நினைப்பவர்களுக்கு அந்த முறை உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுதாகக் கணக்குப் போடுங்கள். 12×16 அங்குலப் படம் ஒன்று, சுற்றிலும் இரண்டரை அங்குலம் மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைக் கரை), ஒன்றரை அங்குல அகல மோல்டிங் (சட்டத்துக்கு வெட்டும் பட்டை) என்று வைத்துக்கொள்வோம். மவுண்டோடு சேர்த்து அளவு 17×21. சுற்றளவு 76 அங்குலம். ஆனால் அந்த 76 அங்குலம் போதாது. நான்கு துண்டுகளும் இரண்டு முனையிலும் சாய்வாக வெட்டப்படுவதால், மோல்டிங் அகலத்தை எட்டால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 76 உடன் 12 சேர்ந்து 88 அங்குலம். சந்தையில் வரும் சிந்தெடிக் மோல்டிங் ஒரு நீளம் ஒன்பதரை அடி, அதாவது 114 அங்குலம் என்றால், மிச்சம் 26. அந்த மிச்சத்தில் 4×6 போட்டோவுக்குக்கூடச் சட்டம் வராது, அதற்கே 32 அங்குலம் வேண்டும். அதனால் முழு நீளத்தின் விலையும் இந்த வேலையின் தலையில்தான் விழும்.

இப்போது எடுத்துக்காட்டுக்கு விலைகளைப் போடுகிறேன், நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மோல்டிங் அடிக்கு 40 ரூபாய் என்றால் 380. 32×40 மவுண்ட் போர்டு 300 ரூபாய், அதில் 17×21 அளவில் இரண்டு துண்டுதான் வரும், ஆக 150. கண்ணாடி இரண்டரை சதுர அடி, 125. பின்பலகை 80, கொக்கி, கம்பி, டேப் 30. பொருள் மட்டும் 765 ரூபாய். ரன்னிங் அடிக்கு, அதாவது நீளத்தில் ஒரு அடிக்கு, 120 என்று வாய்க்கு வந்த கணக்கில் சுற்றளவை மட்டும் பெருக்கினால் 760 வருகிறது. பொருள் வாங்கிய காசுகூடத் திரும்பாது, உழைப்பு முழுக்க இலவசம். ரன்னிங் அடிக் கணக்கை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஒரே அளவு, ஒரே மோல்டிங், நூறு சாமி படம் என்றால் அது போதும். தனித்தனியாக வரும் வேலைக்கு அது பொருந்தாது.

அடுத்தது உழைப்பு. பலர் தடுமாறும் இடம் இது, ஏனென்றால் தன் சம்பளத்தை யாரும் எழுதுவதில்லை. வாடகை 12,000, உங்களையும் சேர்த்து இரண்டு பேர் சம்பளம் 36,000, கரண்ட், பிளேடு, பசை என்று 4,000. மொத்தம் 52,000. மாதம் 26 நாள், ஆளுக்கு உண்மையாக வேலை நடப்பது ஐந்து மணி நேரம் (மீதி நேரம் வாடிக்கையாளரோடு பேச்சு, சரக்கு எடுக்கப் போவது) என்றால் 260 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய். மேலே சொன்ன பிரேமுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 250 ரூபாய். ஆக அடக்கம் 1,015.

லாபம் 25% வேண்டும் என்றால் 25% கூட்டக் கூடாது. கூட்டினால் 1,269தான் வரும், விற்ற விலையில் பார்த்தால் லாபம் 20%. அடக்கத்தை 0.75 ஆல் வகுக்க வேண்டும். 1,353 வரும். 1,350 என்று சொல்லலாம். இந்த ஒரு வகுத்தலை மனசில் ஏற்றிக்கொள்ளவே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது, ஆனால் மாசக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சரி, வாடிக்கையாளர் முகம் சுளித்தால்? “என்ன தம்பி, எதிர்க் கடையில எண்ணூறுங்கிறாங்களே” என்பார் ஒரு அக்கா. உடனே நூறு ரூபாய் குறைத்தால், முதலில் சொன்ன விலை சும்மா சொன்னது என்று ஆகிவிடும். விலையைத் தொடாமல் வேலையை மாற்றுங்கள். “அக்கா, மவுண்ட்டை ரெண்டு அங்குலமா வச்சுக்கலாமா? பார்வைக்கு அவ்வளவா வித்தியாசம் தெரியாது, 1,230க்கு முடிச்சிரலாம்.” இது அந்த நேரத்தில் வாயில் வந்த எண் அல்ல. இரண்டு அங்குலம் என்றால் மொத்த அளவு 16×20 ஆகிறது. 32×40 போர்டில் அது சரியாக நான்கு துண்டு வரும். போர்டுச் செலவு பாதியாகிறது, கண்ணாடியும் கொஞ்சம் குறைகிறது. இந்த மாதிரி போர்டுக்கு அடங்கும் அளவுகளை மனப்பாடமாக வைத்திருங்கள். குறைத்ததற்குக் காரணம் சொல்ல முடிகிறவரிடம் பேரம் நீளாது.

தஞ்சாவூர் ஓவியம் வந்தால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. சுண்ணப் பூச்சும் கற்களும் மேடாக நிற்பதால் கண்ணாடி மேலே படக் கூடாது. இடைவெளிக்கு உள்பட்டை வைக்க வேண்டும், சட்டத்தின் பள்ளமும் ஆழமாக வேண்டும். பலகையும் கனம் என்பதால் கொக்கி வரைக்கும் மாறும். தேக்குச் சட்டம், பாலிஷ் என்றால் அதற்குக் காயும் நேரம் தனி. அதேபோல் பட்டச் சான்றிதழ், தாத்தா காலத்துப் போட்டோ இவற்றைப் போர்டில் முழுதாக ஒட்டவே கூடாது. அமிலமில்லாத போர்டு, தாளைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய காகிதக் கீல், பின்னாளில் கழற்றி எடுக்கக்கூடிய பசை என்று போக வேண்டும். ஒட்டித் தருகிற கடையை விட விலை கூடும். இந்த இடத்தில் தயங்காதீர்கள். அந்தத் தாளுக்கு நகல் கிடையாது என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். வாங்கும்போதே இருக்கிற கறையையும் கிழிசலையும் பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

விலையைச் சொன்னதும் பேசாமல் இருக்கப் பழகுங்கள். “கொஞ்சம் அதிகம்தான், ஆனா...” என்று நாமே ஆரம்பித்தால் பேரத்துக்கு நாமே கதவு திறந்துவிடுகிறோம். இதற்கு நான் செய்த பயிற்சி எளிது. 8×10, 12×18, 18×24, 24×36 என்று அடிக்கடி வரும் அளவுகளுக்கு மூன்று வகை மோல்டிங்கில் கணக்கைப் போட்டு, ஒரு தாளில் எழுதி மேசைக்கடியில் ஒட்டினேன். வீட்டில் ஒருவரை வாடிக்கையாளராக உட்காரவைத்து அந்த விலைகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மோல்டிங் பில் புதிதாக வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை முதலிலிருந்து திருத்தி எழுதுங்கள், பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.