மல்லிகையை மிஷினில் ஏற்றுவதற்கு முன்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது குண்டுமல்லியின் வாசனை. பெங்களூரில் மல்லிகைக்கா பஞ்சம் என்ற தைரியம்தான். காலை ஆறு மணிக்கு கே.ஆர். மார்க்கெட்டில் கால் கிலோ மொட்டு வாங்கி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். மதியம் ஜி.சி.-எம்.எஸ். ஓடியது. கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உடைத்துத் துண்டுகளின் எடையைக் காட்டும் மிஷின் அது. பிரிந்து வரும் பொருள் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு முகடு, அதுதான் பீக். பெரிய பீக் ஒன்றைத் திறந்தால் துண்டு எடைகளில் 149 என்ற எண் ஓங்கி நிற்கிறது. அது தாலேட்டின் அடையாளம். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் சரக்கு. "இது பூ வாசனையாம்மா, பை வாசனையா?" என்றார் கைடு.

அதனால் முதலில் காலிக் குப்பியை ஓட்டிப் பாருங்கள். 207, 281 என்று வருபவை காலம் (column, பொருட்களைப் பிரிக்கும் நீண்ட மெல்லிய குழாய்), செப்டம் (ஊசி குத்தும் ரப்பர் மூடி) விடும் சிலிக்கோன் சமாச்சாரம். பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூவைக் கண்ணாடிக் குப்பியில் கொண்டுவாருங்கள். வாழையிலையில் கட்டினால் என்ன என்று தோழி ஒருத்தி கேட்டாள். இலை கசங்கினால் அதுவே பச்சை வாடை விடும், அதுவும் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவது தப்பைக் கண்டுபிடித்தது கைடு இல்லை, பூக்கார அக்கா. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். பீக் எல்லாம் குட்டிகுட்டியாக வருகிறதே என்று புலம்பியபோது சிரித்தார். "மத்தியானம் மொட்ட மோந்தா என்னா கண்ணு வரும்? ராத்திரி எட்டு மணிக்கு மோந்து பாரு." சரிதானே. மல்லிகை மொட்டு பொழுது சாய்ந்துதான் அவிழ்கிறது, அவிழ்ந்த பிறகுதான் மணத்தைக் கொட்டுகிறது. மாலை ஆறு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தேன். பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் என்ற மணப் பொருட்கள் எல்லாம் ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது. இண்டோல் அளவு மிஞ்சினால் மலவாடை. துளியாக இருக்கும்போதுதான் மல்லிகை.

வைவாவில் நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு. என் பட்டியலில் முப்பது பொருள். எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கும் நிறமாலை (துண்டு எடைகளின் படம்) நூலகம் தொண்ணூறு சதவீதப் பொருத்தம் என்று சொன்னவை. வேறு என்ன ஆதாரம் என்று வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேட்டதும் வாயடைத்துப் போனேன். டெர்பீன்கள் செடிகளின் மணப் பொருள்களில் ஒரு வகை. பத்து கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள டெர்பீன்களில் பலவற்றுக்கு மூலக்கூறு எடை 136, நிறமாலையில் 93 உயர்ந்து நிற்கும். அண்ணன் தம்பி முகஜாடை மாதிரி. முகத்தை மட்டும் பார்த்தால் ஆள் மாறிவிடும், எத்தனை மணிக்கு வந்தான் என்றும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நேர்ச்சங்கிலி ஆல்கேன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள பொருள்) கலவையை அதே நிலைமையில் ஓட்டி, நம் பொருள் வெளிவரும் நேரத்தை அவற்றோடு ஒப்பிட்டு ரிடென்ஷன் இண்டெக்ஸ் என்ற எண்ணைக் கணக்கிடுவது. சாதாரண டி.பி.-5 வகைக் குழாயில் லினலூல் 1100ஐ ஒட்டி, அதாவது பதினொரு கார்பன் ஆல்கேன் பக்கத்தில் வரும். 1200ல் ஒன்று வந்து அதை நூலகம் லினலூல் என்றால் நம்பாதீர்கள். இன்னொரு கண்ணி: இந்த எண்ணுக்கு கோவாட்ஸ் 1958ல் சொன்ன சூத்திரம் ஒரே வெப்பநிலையில் ஓட்டுவதற்கு. நாம் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே ஓட்டுகிறோம். அதற்கு வான் டென் டூல், கிராட்ஸ் 1963ல் தந்த சூத்திரம். இந்தக் கேள்வி வந்தே தீரும். கையில் சுத்தமான லினலூல் இருந்தால் அதையும் ஓட்டிவிடுங்கள், வாக்குவாதமே முடிந்தது.

பீக் பரப்பின் சதவீதத்தைப் பூவில் இருக்கும் அளவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குப்பியில் மணத்தைப் பிடிக்கும் பூச்சு தடவிய இழை, அதாவது ஃபைபர், சிலதை ஆசையாக உறிஞ்சும், சிலதைக் கண்டுகொள்ளாது. ஏன் நீராவியில் வடிக்கவில்லை என்று கேட்டால், அந்தச் சூட்டில் எஸ்டர்கள் உடையும், மல்லிகை மணம் கெடும், வாசனைத் திரவியத் தொழிலிலும் மல்லிகையைப் பெரும்பாலும் ஹெக்சேன் போன்ற கரைப்பானில்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லலாம்.

நெட் தேர்வில் லைஃப் சயின்ஸ் எழுதுபவர்களுக்கும் இதில் கொஞ்சம் தேறும். செடி இவற்றை எங்கே, எந்த வழியில் செய்கிறது என்ற கேள்விக்கு: மோனோடெர்பீன் (பத்து கார்பன்) செல்லுக்குள் இருக்கும் பிளாஸ்டிடில் எம்.இ.பி. வழி, செஸ்குவிடெர்பீன் (பதினைந்து கார்பன்) பெரும்பாலும் செல்லின் திரவப் பகுதியான சைட்டோசோலில் மெவலோனேட் வழி, பென்சைல் அசிடேட் ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தின் வழி. அவ்வளவுதான்.

அப்புறம், கருவிக்கு ஸ்லாட் கேட்கும்போது சாயங்காலம் முதல் விடியும்வரை கேளுங்கள். பகல் ஸ்லாட்டுக்குத்தான் அடிதடி. ராத்திரிக்கு ஆளே இருக்காது. செக்யூரிட்டியிடம் காட்ட அனுமதிக் கடிதம் மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.