சீக்கிரம் கேட்கிற மாத்திரை எது?

மார்த்தாண்டம் பக்கம் மெடிக்கலில் ஆண்மைக்குறைவு மாத்திரை வாங்க வருபவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது, "அண்ணே, சீக்கிரம் கேக்குமா?" என்றுதான். வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் என்ற மருந்து பொதுவாக 30 முதல் 60 நிமிடம் எடுக்கும், அதுவும் பரோட்டாவும் பீஃப் ரோஸ்டும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போட்டால் அந்தக் கொழுப்பே இன்னும் ஒரு மணி நேரம் இழுத்துவிடும். அதே வகையைச் சேர்ந்த அவனாஃபில் என்ற மருந்து சிலருக்கு 15 நிமிடத்திலேயே கேட்கும். சில்டெனாஃபில் ஜெல்லி, நாக்கில் கரையும் வகை எல்லாம் விழுங்க வசதி, சரி. ஆனால் மருந்து பெரும்பாலும் குடல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது, மின்னல் வேகம் என்று நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். எதைப் போட்டாலும் தூண்டுதல் இல்லாமல் தானாக ஒன்றும் நடக்காது. அப்புறம், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர்கள் இதில் எதையும் தொடவே கூடாது, பிரஷர் மளமளவென இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். நண்பன் கொடுத்தான் என்று வாங்கிப் போடுகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.