ஒத்தைக் கொலுசும் 150 கிராமும்

வெள்ளி விற்கிற விலையைக் கேட்டுக் கேட்டு எனக்கே ஆசை வந்துவிட்டது. பீரோவில் கிடக்கும் பழசையெல்லாம் சேலம் செவ்வாப்பேட்டை வெள்ளிக் கடையில் போட்டுவிடலாம் என்று பொங்கலுக்கு முந்தின வாரம் எடுத்து வைத்தேன். தேய்ந்த மெட்டி நாலு, கருத்துப்போன குங்குமச் சிமிழ், சின்னவனின் அரைஞாண் கொடி. என் ஒத்தைக் கொலுசைப் போடுவதா வேண்டாமா என்று மட்டும் முடிவாகவில்லை. முடிவெடுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தால் கொலுசே இல்லை.

வேலைக்கு வரும் அக்காவைச் சந்தேகப்பட்டுவிட்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே காபி கொடுத்தேன். அவரும் புரிந்துகொண்டாரோ என்னவோ, மூன்றாம் நாள் தானாகவே பீரோவுக்கு அடியில் பெருக்கினார். அந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் போய்க் கழிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இந்த இரண்டு நாளும் நம்மாள், அதான் என் வீட்டுக்காரர், என்ன பண்ணிக்கொண்டிருந்தார் தெரியுமா? ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மரக்கட்டைக்குப் பின்பக்கம் குடைந்துகொண்டிருந்தார்.

எல்லாம் இரண்டாம் மாடி சார் ஆரம்பித்து வைத்தது. மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு நம் ஊர் எலுமிச்சை ஸ்பூன் போட்டி பிடிக்கவில்லை. காணும் பொங்கலுக்கு இந்த வருஷம் மரக் கார் ரேஸ் என்று அறிவித்துவிட்டார். மோட்டார் கிடையாது, தள்ளக் கூடாது, சரிவில் விட்டால் தானாக ஓடி வர வேண்டும். 1953இல் கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் டான் மர்ஃபி என்பவர் தொடங்கினாராம். பெரிய பையன்கள் தாங்களே செய்த வண்டியில் ஏறி உட்கார்ந்து ஓட்டும் ரேஸ் ஒன்று அங்கே உண்டு. அதில் சேர அவர் மகனுக்கு வயசு போதவில்லை. அதற்காகப் பையனைச் சமாதானப்படுத்த ஒரு மனுஷன் புது விளையாட்டையே கண்டுபிடித்திருக்கிறார். நம் வீட்டில் என்றால் ஒரு தட்டுவடை செட்டோடு சமாதானம் முடிந்திருக்கும்.

அங்கே காரின் எடை 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாதாம். அதாவது ஏறக்குறைய 142 கிராம். சார் அதை 150 ஆக்கிவிட்டார். ரவுண்டாக வைத்தால்தான் சண்டை வராதாம். வராமல் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக் கணக்கு எழுதுகிற ஒருவருக்குள் இருபது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கல் இன்ஜினியர் அன்றைக்குத்தான் எழுந்தார். "எடைதான் எல்லாம்" என்றார். சின்னவன் விடவில்லை. "கனமானதும் லேசானதும் ஒரே வேகத்துலதான் விழும்னு கலிலியோ சொல்லிட்டாருல்லப்பா?" என்றான்.

அங்கே பிடித்தது பாடம். பூமி இழுப்பதில் வித்தியாசம் இல்லையாம். கனமான காரைக் கூடுதலாக இழுக்கும், ஆனால் அதை நகர்த்தவும் கூடுதல் இழுப்பு வேண்டும், கணக்கு சமமாகிவிடும். அச்சில் வரும் உராய்வும் எடையோடு சேர்ந்தே கூடும், அதிலும் லாபம் இல்லை. லாபமெல்லாம் காற்றில்தான். எதிர்க்காற்று காரின் அளவையும் வேகத்தையும்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. ஒரே அளவு கார் இரண்டு வந்தால் லேசானதைச் சீக்கிரம் நிறுத்திவிடும், கனமானதிடம் அந்தப் பாச்சா பலிக்காது. சக்கரம் சுழலவும் கொஞ்சம் சக்தி போகும். கார் கனமாக இருந்தால் மொத்தத்தில் அது சின்னப் பங்கு. ஆகையால் வித்தியாசம் சரிவில் அவ்வளவாகத் தெரியாது, கீழே சமதரையில் ஓடும்போதுதான் தெரியும். நம்பாதவர்களுக்காக ஒரே மாதிரி பொம்மைக் கார் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் என் சப்பாத்தி மாவை உருட்டி அப்பி, இஸ்திரி பலகையைச் சாய்த்து விட்டுக் காட்டினார். பலகையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தன. தரையில் மாவுக் கார் நாலு டைல்ஸ் கூடுதலாகப் போனது. அன்றைக்கு ராத்திரி மூன்று சப்பாத்தி குறைவு.

அடுத்து எடையை எங்கே வைப்பது. பின்பக்கமாம். சரிவில் நிற்கும்போது காரின் பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கிறது. எடை எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அவ்வளவு சக்தி. 8 அடி சென்ட்ரிங் பலகை, மேல் முனை 3 அடி உயரம். எடையை 2 அங்குலம் பின்னால் தள்ளினால் முக்கால் அங்குலம் கூடுதல் உயரம் இலவசம் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டினார். ரொம்பப் பின்னால் போனால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது பிறகு எல்லாருக்கும் தெரிந்தது.

இவ்வளவும் நடக்கும்போது அப்பா திண்ணையில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். என் அப்பாவைச் சொல்கிறேன். முப்பது வருஷம் சேலம் ஏற்காடு பஸ் ஓட்டினவர். 20 கொண்டை ஊசி வளைவிலும் எந்த வளைவில் எந்தப் பாறை கசியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு வண்டியை மலையிலிருந்து வேகமாக இறக்குவதற்கு ஆராய்ச்சி என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏறுன கியர்லயேதான் எறங்கோணும் மாப்ள" என்றார்.

"இதுக்கு கியரே இல்லைங்க மாமா."

"அப்ப எறக்கவே கூடாது."

நம்மாள் அதற்கும் ஒரு கணக்குப் போட்டார். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். 10 டன் பஸ் அவ்வளவு இறங்கினால் வெளியாகும் சக்தி 32 யூனிட் கரண்டுக்கும் மேல். அதில் பெரும்பகுதி இன்ஜினிலும் பிரேக் டிரம்மிலும் சூடாகிக் கரைய வேண்டும், இல்லாவிட்டால் பஸ் பள்ளத்தில். "ஒரு தடவை எறங்குறதுக்கு நம்ம வீட்டு நாலு நாள் கரண்ட், மாமா!" அப்பா பேப்பரை இறக்கினார். முப்பது வருஷம் தான் என்ன பண்ணினேன் என்பதை யூனிட் கணக்கில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. அன்று பூராவும் தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "32 யூனிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் கரண்ட் பில் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து, அவரோடு சேர்ந்து அலுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் காரை மொசைக் தரையில் ஒரு தட்டு தட்டி விட்டுப் பார்த்தார். "லெஃப்ட்ல இழுக்குது மாப்ள" என்றார். மாப்ள அப்போது அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

தேங்காய் எண்ணெய்! மார்கழிக் காலையில் பாட்டிலில் இருப்பதே கல்லாகிக் கிடக்கிறது. மறுநாள் சின்னவன் எடுத்துப் பார்த்தால் நாலு சக்கரமும் சுற்ற மறுத்து நிற்கின்றன. வெயிலில் வைத்து உருக்கினால் தெருப் புழுதி பூராவும் அதில் ஒட்டிக்கொண்டது. நாலாம் மாடிக் குழந்தைதான் வந்து, பென்சில் கரியைப் பொடி பண்ணித் தேய்த்தால் போதும், ஈரமும் இருக்காது, தூசியும் ஒட்டாது என்று சொல்லிவிட்டுப் போனது. ஏழாவது படிக்கிறது. அது சொல்லித்தான் என் கோலக் கணக்குப் பென்சில் போனது.

சரி, ரேஸுக்கு வருகிறேன். கார் பார்க்கிங்கில் பலகை. அடியில் இருபது அடி சமதரை. கடைசியில் அப்பா. ஆமாம், அவரேதான். எல்லா வண்டியும் ஓடிப் போய்க் காம்பவுண்டுச் சுவரில் முட்டும், யாராவது பிடிக்க வேண்டும் என்றதும், "பிரேக் நான் பார்த்துக்கறேன்" என்று பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, தோள் துண்டை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உராய்வே இல்லை என்று வைத்தால் கீழே வரும்போது மணிக்கு 15 கிலோமீட்டர் என்று நம்மாள் சொன்னதற்கு, "நான் வளைவுல திருப்புற வேகம், பார்த்துக்கலாம்" என்றார்.

எடை போடத் தெருமுனைக் கொலுசுப் பட்டறைத் தம்பி எலக்ட்ரானிக் தராசோடு வந்திருந்தார். எங்கள் கார் 149.2 கிராம். தம்பி காரைப் பார்த்தார், நம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று குனிந்து தராசைத் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

முதல் ஓட்டத்தில் ஜெயித்தோம். இரண்டாவதில் பலகையும் தரையும் சேருமிடத்தில் கார் ஒரு குதி குதித்தது. அங்கிருந்து தரையில் வரும்போது ஜல் ஜல் என்று சத்தம்.

பார்க்கிங் பூராவும் அமைதி. ஒரு மரக் கார் கொலுசு போட்டுக்கொண்டு ஓடிவருவதை யாரும் பார்த்ததில்லை.

நான் நம்மாள் பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே இரண்டாம் மாடி சாருக்குப் பின்னால் போய்விட்டிருந்தார். அங்கிருந்தே விளக்கம் வருகிறது. ஈயம்தான் இதற்கு நல்லதாம், அடர்த்தி 11.3, ஆனால் குழந்தை கையில் கொடுக்கக் கூடாத விஷம். இரும்பு 7.9தான், இருக்கிற குழிக்குள் அடங்காது. வெள்ளி 10.5. அது டப்பாவில் சும்மாதானே கிடந்தது, ஜோடியும் இல்லை. சத்தம் வரக் கூடாதென்று பஞ்சு வேறு அடைத்திருக்கிறார். பஞ்சு அடைக்கிற நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? இரண்டு நாள் நான் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேனே.

திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது அப்பாவைப் பார்த்தேன். காரைத் துண்டோடு பிடித்தவர் அடுத்த ஓட்டத்துக்கு அதைத் திருப்பித் தரவில்லை. காதோரம் வைத்து ஒரு தடவை ஆட்டினார்.

"பாப்பா, இன்னொன்னு கெடச்சிருச்சா?" என்றார்.

1989 தீபாவளி போனஸில் வாங்கியது. ஜோடி 46 கிராம். அடுத்த முழுப்பரீட்சை லீவில் அவர் பஸ்ஸில், டிரைவர் சீட்டுப் பக்கத்துப் பானட் மேல் உட்கார்ந்து ஏற்காடு போய்வந்தேன். இறங்கும்போது தூங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் எழுப்பினால் ஒரு காலில் கொலுசு இல்லை. திருகாணி கழன்றிருக்கிறது. அன்று ராத்திரி டார்ச் அடித்து பஸ் பூராவும் தேடினார். அதற்கப்புறமும் ரொம்ப நாள், சிங்கிள் (ஒரு நடை) முடிந்ததும் சீட்டுக்கடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவாராம். கண்டக்டர் அண்ணன் என் கல்யாணத்துக்கு வந்தபோது சொன்னது.

"இல்லப்பா, அந்த ஒத்தைதான்" என்றேன்.

"ஓ" என்று காரைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டார்.

கடைசி ஓட்டத்தில் எங்கள் கார் குதித்த இடத்திலேயே மூக்கைத் தூக்கி, இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சார் வீட்டு ஸ்கூட்டர் டயரில் முட்டியது. ஜெயித்தது நாலாம் மாடிக் குழந்தை. அதன் கார் 112 கிராம்தான். கோடு போட்டது போல் நேராக ஓடியது, அவ்வளவுதான். நம்மாள் இன்னும் காற்று சரியில்லை என்கிறார்.

வேலைக்கு வரும் அக்காவுக்கு மறுநாள் புதுப் புடவை எடுத்துக் கொடுத்தேன். "பொங்கலுக்குத்தான் கொடுத்தீங்களே?" என்றார். கணக்குப் பார்த்தால் 23 கிராம் வெள்ளியைக் காப்பாற்ற எவ்வளவு செலவு என்று அந்த இன்ஜினியரிடம்தான் கேட்க வேண்டும்.

நேற்று விடிகாலை சமையலறையில் பால் வைத்துக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து ஜல் ஜல். அப்பா ராத்திரி எப்போது உட்கார்ந்து அச்சை நிமிர்த்தினாரோ தெரியவில்லை. கார் பூஜை அறை வாசலிலிருந்து கிளம்பி, ஹாலைத் தாண்டி, ஒரு இம்மி விலகாமல் நேராக வந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. "இப்ப இழுக்கல பாரு" என்று குரல் மட்டும் வந்தது. துடைப்பக் குச்சியால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நம்மாள் எழுந்ததும் ஃபிரிட்ஜை நகர்த்தச் சொல்ல வேண்டும். எடைதான் எல்லாம் என்றாரே, நகர்த்தட்டும்.