மலாவி கிராம மருத்துவமனையில் எலெக்டிவ்: போனது முதல் முடித்தது வரை

பிரிட்டனில் மருத்துவம் படிப்பவர்களுக்கு இறுதியாண்டை ஒட்டி எலெக்டிவ் என்று ஒரு காலம் ஒதுக்குவார்கள். நமக்குப் பிடித்த நாட்டில், ஏதாவது ஒரு மருத்துவமனையில் இருந்து கற்றுவரலாம். நான் தெற்கு மலாவியில், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த முலாஞ்சே மாவட்டத்தின் ஒரு கிராம மருத்துவமனைக்கு எழுதினேன். குழந்தைகள் வார்டு வேண்டும், மழைக்காலத்தில் வர வேண்டும் என்றும் கேட்டேன். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. மலேரியா பெருகும் காலமும் அதுதான். இப்போது விண்ணப்பிக்கும் ஜூனியர்கள் பலர் விவரம் கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

காகித வேலையை வெகு முன்னதாகவே தொடங்கிவிடுங்கள். கல்லூரியின் ஒப்புதல், ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், தொழில்முறைக் காப்பீடு, விசா, மலாவி மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு என ஒவ்வொன்றும் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும். மலேரியா தடுப்பு மாத்திரையும் ரேபிஸ் தடுப்பூசியும் அவசியம். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம்மைக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

வார்டை நடத்துபவர்கள் பெரும்பாலும் கிளினிக்கல் ஆஃபீசர்கள். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இல்லை, தனியாக டிப்ளமோ படித்துப் பயிற்சி பெற்றவர்கள். மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களைப் பெரும்பாலும் செய்வதும் அவர்கள்தான். நோயாளியின் மொத்த மருத்துவ வரலாறும் அவர் கையிலேயே இருக்கும் சிறு நோட்டில் இருக்கும். அதை ஹெல்த் பாஸ்போர்ட் என்கிறார்கள். அம்மாவோ பாட்டியோ குழந்தைக்குத் துணையாகத் தங்கி, வெளியே விறகடுப்பில் ந்சிமா என்ற மக்காச்சோள மாவுக் களி கிண்டி ஊட்டுகிறார்கள். மூச்சு மாறினால் நர்ஸிடம் முதலில் ஓடிவந்து சொல்வதும் அவர்கள்தான். அந்த அம்மாக்கள் சொன்னதைக் கேட்டுத்தான் பல குழந்தைகளை நாங்கள் நேரத்தில் போய்ப் பார்த்தோம்.

கிளம்பும்போது நண்பர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வசதியில்லாத இடத்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா." நான் பார்த்தது வேறு.

ஒரு மாலை, கடும் காய்ச்சலோடு ஒரு குழந்தையைத் தூக்கிவந்தார்கள். கை கால் சில்லிட்டு, உள்ளங்கை வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பாடப்படி அது ஷாக், அதாவது உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலை. உடனே சலைனை வேகமாக ஏற்ற வேண்டும். கிளினிக்கல் ஆஃபீசர் அதைச் செய்யவில்லை. மலேரியா பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்தார். ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை ஊசியாகப் போட்டார். ரத்தத்துக்கு ஆளனுப்பினார். ரத்தம் வரும்வரை ஆக்சிஜனைத் தவிர வேறெதையும் அவர் அவசரப்படுத்தவில்லை.

இரவு வேலை அடங்கியபின் அவரே உட்கார்ந்து விளக்கினார். கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றியதில், ஏற்றாத குழுவைவிட நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாக இறந்தார்கள். வயிற்றுப்போக்கால் நீர் வற்றி வரும் குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்குத் திரவம் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை என்றார். வசதி இருந்தால் ஏற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சலைன் பாட்டில் அலமாரியில் இருந்தது. தெரிந்தேதான் அவர் அதை எடுக்கவில்லை.

அதன்பிறகு நான் பார்த்த விதமே மாறியது. நினைவிழந்த குழந்தைகளுக்கு நாங்கள் போட்ட பிளான்டயர் கோமா ஸ்கோர், அதாவது நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் மதிப்பெண், அந்த நாட்டிலேயே உருவானது. பேச்சு வராத சின்னக் குழந்தைகளுக்காக மால்கம் மாலினோ, டெர்ரி டெய்லர் முதலியோர் பிளான்டயர் நகரில் வகுத்து 1989-இல் வெளியிட்டார்கள். முழு மதிப்பெண் ஐந்து. இரண்டோ அதற்குக் கீழோ என்றால் மூளை மலேரியாவை நினைக்க வேண்டும். பிரசவ வார்டிலும் இதே கதை. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆயுள்முழுக்க மருந்து தொடங்கும் முறையை மலாவி 2011-இல் கொண்டுவந்தது. கிராமங்களில் அந்தப் பரிசோதனை கிடைப்பது அரிது என்பதிலிருந்து பிறந்த யோசனை அது. 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது.

மாணவருக்கு அங்கே என்ன வேலை? பிரிட்டனில் செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கேயும் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறையால் "நீயே செய்" என்று யாராவது சொல்லக்கூடும், மரியாதையாக மறுத்துவிடுங்கள். நான் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன், எடை பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன். ஆர்ட்டிசுனேட் அளவைக் கணக்கிட்டு நர்ஸிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். 20 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.4. முதல் ஊசி, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று. இரவு ஊசி தவறாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால் நர்ஸுக்குப் பெரிய உதவி. மின்சாரம் போனால் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிடும். ஜெனரேட்டர் எழும்வரை சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். அந்த நேரங்களில் ஒவ்வொரு கையும் தேவைப்பட்டது.

குழந்தைகள் இறந்தார்கள். அதற்கு என்னை யாரும் தயார்படுத்தியிருக்கவில்லை. இறந்த குழந்தையை அம்மா சித்தேஞ்சே துணியில் சுற்றி எடுத்துப்போகும்போது வார்டில் இருந்த மற்ற அம்மாக்கள் எழுந்து கூடவே நடப்பார்கள். பொறுப்பு மருத்துவர் ஒவ்வொரு வாரமும் இறப்புகளைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைத்தார். அதில் என்னையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னார். உங்கள் இடத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால், யாரோடாவது பேச நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி முடிக்கும் கட்டம். கல்லூரிக்கு ஒரு சின்னத் தணிக்கை தேவைப்பட்டது. நினைவிழந்து சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை பார்த்துப் பதிவாகியிருக்கிறதா என்று பழைய நோட்டுகளைப் பார்த்தேன். முடிவை ஊருக்கு எடுத்துவந்துவிடாமல், முதலில் வார்டு நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். அப்புறம் மின்னஞ்சலில் கேட்டால் வார்டு வேலைக்கு நடுவே அவர்களுக்கு நேரம் கிடைக்காது. எதையாவது விட்டுவர விரும்பினால் என்ன வேண்டும் என்று கேளுங்கள். எங்களிடம் கேட்டது பல்ஸ் ஆக்சிமீட்டருக்குக் குழந்தைகள் விரலுக்கான கிளிப்.

திரும்பியபின் இரண்டு வேலை பாக்கி. மலாவி ஏரியில் கால் நனைத்திருந்தால்கூட, மூன்று மாதம் கழித்து நத்தைக் காய்ச்சலுக்கு (நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய்) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருந்தால் பிராசிகுவான்டல் மாத்திரையில் தீரும். ஓராண்டு வரை எப்போது காய்ச்சல் வந்தாலும், தடுப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும், மலாவி போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.