மாஸ்டரின் மொறிஸ் மைனர்

தொண்ணூறுகளில் புதுக்குடியிருப்பில் ஒரு கராஜில் வேலை பழகினேன். அரசு வன்னிக்குச் சாமான்கள் வரவிடாமல் வைத்திருந்த பொருளாதாரத் தடைக் காலம். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார்கள். புதுச் சாமான் எதுவும் கிடைக்காது.

விசுவமடுவிலிருந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் தன் மொறிஸ் மைனர் காரைக் கொண்டுவந்தார். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் மனிபோல்டுக்குச் சற்றுக் கீழே சைலன்சர் பைப் வெடித்திருந்தது. வெல்டிங்கில் ஒட்டிக் கொடுத்தேன். மூன்று கிழமையில் திரும்பி வந்தார். தகடு வைத்துத் தடிப்பாக ஒட்டினேன். அதுவும் நிற்கவில்லை, ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் புது வெடிப்பு, சுற்றிலும் கரி.

கராஜில் மூத்தவரான அண்ணை வெடிப்பைப் பார்க்கவே இல்லை. நேரே காரின் பின்பக்கம் போய்ப் படுத்தார்.

"இஞ்ச வாடா தம்பி, இதை ஆட்டிப் பார்."

ஆட்டினேன். அசையவில்லை. பைப்பின் வாலைத் தாங்கும் ரப்பர் பிடி இருந்த இடத்தில் யாரோ இரும்புப் பட்டி போட்டு, காரின் உடலான பொடியோடு இறுக்கியிருந்தார்கள். இரண்டு தடவையும் அதைக் கண்டும், நல்ல உறுதியான வேலை என்றே நினைத்திருந்தேன்.

எஞ்சின் ரப்பரில் குந்தியிருக்கிறது. அக்சிலேற்றரை மிதித்தால் பக்கவாட்டில் சரியும். பைப்பின் முன்முனையும் கூடவே சரியும். கியர் பொக்ஸில் உள்ள பிடியும் எஞ்சினோடு சேர்ந்தே அசைவதால் அது இறுக்கமாக இருக்கலாம். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பொடியில் தொங்குகிறது, அங்கே இளக்கம் வேண்டும். சூடும் இருக்கிறது: இரண்டு மீற்றர் இரும்புப் பைப் 200 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர் நீளும். வாலை இறுக்கிவிட்டால் இவ்வளவும் மனிபோல்டுக் கழுத்தில்தான் போய் விழும். மாஸ்டர் வந்துபோன கிறவல் வீதியைக் கேட்கவே வேண்டாம்.

பழைய டயரின் பக்கச்சுவரில், நூல் படை உள்ள இடமாகப் பார்த்து நான்கு விரல் அகலத்தில் வெட்டினோம். கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அறுத்தால்தான் ரப்பர் விடும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, போல்ட் பிய்த்துக்கொண்டு வராமல் இருபக்கமும் அகலமான வாஷர் வைத்தோம். அப்புறம் எல்லா நட்டையும் கையால் திருகுமளவுக்கு மட்டும் பூட்டி, முதலில் மனிபோல்ட், அடுத்து கியர் பொக்ஸ் பிடி என்று இறுக்கினோம். கடைசிப் பிடியை, ஜக்கை எடுத்து நாலு சில்லும் நிலத்தில் நின்ற பிறகுதான் அண்ணை இறுக்கவிட்டார். பின் சீற்றில் மூன்று பேரை ஏற்றி, பைப்புக்கும் பின் சில்லுகளின் அக்சிலுக்கும் இடையில் விரல் நுழைகிறதா என்றும் பார்க்கச் சொன்னார்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேஸ் பண்ணச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து அந்த ரப்பரில் வைத்தார். உள்ளங்கைக்குள் அது துடித்தது. பைப் முன்னும் பின்னும் மெல்ல ஆடியது. பொடியைத் தொட்டுப் பார்த்தேன், அங்கே அந்த நடுக்கம் இல்லை.

மாஸ்டர் அடுத்து வந்தது பிரேக் வேலைக்கு, ஐந்து மாதம் கழித்து. கேட்காமலே கீழே போய்ப் பார்த்தேன். கழுத்தில் கரியே இல்லை. டயர்த் துண்டின் ஓரம் மட்டும் வெடிக்கத் தொடங்கியிருந்தது. புதுத் துண்டு வெட்டிப் போட்டு அனுப்பினேன்.