ஜார்ஜ் வித் வாழ்ந்த வீடும், கேட்கப்படாத சாட்சியமும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் பழைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில், ஆளுநர் மாளிகைக்கு முன்னால் நீண்டு கிடக்கும் புல்வெளியின் மேற்கு ஓரத்தில், புரூட்டன் தேவாலயத்தை அடுத்து ஒரு செங்கல் மாடி வீடு இருக்கிறது. இந்நகரின் பல கட்டடங்கள் இருபதாம் நூற்றாண்டில் பழைய அடித்தளங்களின் மேல் மீண்டும் எழுப்பப்பட்டவை. இந்த வீடோ 1750களில் கட்டப்பட்ட அதே சுவர்களோடு நிற்கிறது. வழக்கறிஞர் ஜார்ஜ் வித்துக்கு இது மாமனார் வழியாக வந்த வீடு. 1781இல், சுதந்திரப் போரின் யார்க்டவுன் முற்றுகைக்கு முன் வாஷிங்டன் இங்கே தங்கியிருந்தார் என்பதற்காகவே பலரும் இதைப் பார்க்க வருகிறார்கள். நான் வந்தது வித்துக்காக.

1726இல் பிறந்த வித், சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயிடம் கல்வி கற்று, இருபது வயதில் வழக்கறிஞரானவர். 1762 முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தாமஸ் ஜெஃபர்சன் இவரிடம் சட்டம் பயின்றார். மாணவர் எழுதிய சுதந்திரப் பிரகடனத்தில் ஆசிரியரும் கையொப்பமிட்டார். வர்ஜீனியப் பிரதிநிதிகளின் வரிசையில் முதல் பெயர் வித்துடையது, ஜெஃபர்சன் பெயர் அதற்குக் கீழேதான் வருகிறது. அதன் பின் மாநிலப் பிரதிநிதிகள் அவையின் தலைவராகவும், நியாய உணர்வின் அடிப்படையில் வழக்குகளைத் தீர்க்கும் சான்சரி நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் இருந்தார். 1779இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சட்டப் பேராசிரியராக அமர்த்தப்பட்டபோது, அந்நாட்டில் அப்பதவியை வகித்த முதல் மனிதர் அவரே. பின்னாளில் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷல் அங்கே அவருடைய வகுப்பில் அமர்ந்தவர்.

மேல்மாடி அறைகளை விரைவாகப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் சென்றேன். வீட்டிலிருந்து தள்ளித் தனியே இருக்கும் சமையற்கட்டில்தான் நான் வெகுநேரம் நின்றேன். இந்தக் குடும்பத்துக்குச் சமைத்தவர் லிடியா பிராட்நாக்ஸ் என்ற அடிமைப் பெண். 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்குச் சென்றிருந்த வித், மனைவியின் உடல்நிலை மோசமானதால் பாதியிலேயே திரும்பினார். அவ்வாண்டே மனைவி இறந்தார், அவ்வாண்டே லிடியாவுக்கு விடுதலை எழுதிக் கொடுத்தார். 1791இல் வித் ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்தபோது லிடியாவும் அங்கே சென்று அவருக்குச் சமைத்து வந்தார்.

மறுநாள் காலை ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் பயணம் செய்து நானும் ரிச்மண்டை அடைந்தேன். முதுமையில் கீல்வாதத்தால் வித்தின் கை எழுத முடியாமல் போக, பின்னாளில் பெயர்பெற்ற அரசியல்வாதியான ஹென்றி கிளே இளைஞராக இருந்தபோது அவருடைய தீர்ப்புகளைப் படியெடுத்தது இந்நகரில்தான். தீர்ப்புகளுக்கிடையே வரும் கிரேக்க மேற்கோள்களை, அம்மொழி தெரியாத கிளே எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்தாராம். 1806இல், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ரைட் குடும்பத்தினர் தங்கள் விடுதலை கோரித் தொடுத்த வழக்கில், சுதந்திரம் ஒவ்வொரு மனிதரின் பிறப்புரிமை என்று வித் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுடைய விடுதலையை உறுதி செய்தது, ஆனால் அந்தக் காரணத்தை ஏற்க மறுத்துவிட்டது. எண்பது வயதில் அப்படித் தீர்ப்பளித்த துணிவை நான் மனமார வணங்குகிறேன்.

அதே ஆண்டு மே மாத இறுதியில் ஒரு காலை உணவுக்குப் பின் வித், லிடியா, அவ்வீட்டில் வித்திடம் படித்துவந்த மைக்கேல் பிரவுன் என்ற சிறுவன் ஆகிய மூவரும் கடுமையாக நோயுற்றனர். ஆர்சனிக் நஞ்சு என்ற சந்தேகம் வித்தின் சகோதரியின் பேரனான ஜார்ஜ் ஸ்வீனி மீது விழுந்தது. சிறுவன் முதலில் இறந்தான். வித் தம் உயிலைத் திருத்தி ஸ்வீனியின் பங்கை நீக்கிவிட்டு, ஜூன் 8 அன்று கண்மூடினார். அன்று காலை சமையற்கட்டில் ஸ்வீனி காபிப் பாத்திரத்தருகே நின்றதையும், ஒரு காகிதத்தை அடுப்பில் எறிந்ததையும் லிடியா பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வெள்ளையர் ஒருவருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல வர்ஜீனியச் சட்டம் இடம் தரவில்லை. ஸ்வீனி விடுவிக்கப்பட்டார்.

எனக்கு நெஞ்சில் தைத்த செய்தி இதற்கும் அப்பால் உள்ளது. நாடு சுதந்திரம் அறிவித்த பின் மாநிலத்தின் சட்டங்களைத் திருத்தித் தொகுக்க அமைந்த குழுவில் ஜெஃபர்சனோடும் எட்மண்ட் பெண்டில்டனோடும் உழைத்தவர் வித். அக்குழு முன்வைத்த மசோதாக்களுள் அடிமைகள் பற்றிய ஒன்றில் இந்தச் சாட்சியத் தடையும் இடம்பெற்றிருந்தது. பழைய சட்டத்திலிருந்து வந்த வரிதான் அது. ஆயினும் அதைக் களையும் வாய்ப்பு அவர் கைக்கு வந்துபோயிற்று.

செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1775இல் சுதந்திரப் போராட்டத் தலைவர் பேட்ரிக் ஹென்றி ‘விடுதலை கொடு, அல்லது மரணம் கொடு’ என்று முழங்கிய தேவாலயம் இதுதான் என்பதால் கூட்டம் உள்ளேதான் இருந்தது. 1922இல் நடப்பட்ட வித்தின் நினைவுக்கல் அருகே நான் மட்டும் நின்றேன். நோயிலிருந்து தப்பிய லிடியா, மறு ஆண்டு குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு உதவி கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார். தம் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டதையும், எசமானர் இறந்தபோது வீட்டார் எல்லோரையும் தாக்கிய நோயே, அதாவது நஞ்சே, அதற்குக் காரணம் என்று தாம் நம்புவதையும் அதில் தெரிவித்திருந்தார்.