மூன்றாம் கார்னெட்டிலிருந்து முன் வரிசைக்கு

"அடுத்த வாரத்திலிருந்து முன் வரிசையில் உட்காருங்கள்" என்று கண்டக்டர் சொன்னதும், பிராஸ் பேண்டில் தேர்டு கார்னெட் (கார்னெட் என்பது டிரம்பெட்டைப் போன்ற சிறிய பித்தளை ஊதுகருவி) வாசிக்கும் பெரும்பாலானவர்கள் வீட்டில் முதலில் செய்து பார்ப்பது மேல் சி வருகிறதா என்பதைத்தான். ஓய்ந்த உதட்டோடு, தனி அறையில் பலருக்கும் அது வந்துவிடும். ஆனால் 40 நிமிடம் வாசித்து முடித்து, 16 பார் (தாள அளவு) வாசிக்காமல் காத்திருக்கும் ரெஸ்ட்டில் உதடு ஆறிப்போன பிறகு, ஸ்டாஃபுக்கு (ஐந்து கோடுகளுக்கு) மேலே இருக்கும் ஏ-வை மெல்லிய ஒலியில் எடுக்க முடிகிறதா? புது பார்ட் (உங்களுக்கென எழுதிய வரி) கேட்பது இதைத்தான். எட்ட வேண்டிய உயரத்தைவிட, அந்த உயரத்தில் தாங்க வேண்டிய நேரமும் தனியாகக் கேட்கப்படும் இடங்களுமே ஆட்களைச் சாய்க்கின்றன.

பிரிட்டிஷ் முறை பிராஸ் பேண்டில் கார்னெட் 10 பேர். இ ஃபிளாட் சொப்ரானோ (சிறிய, மேல் சுருதி கார்னெட்) 1, சோலோ கார்னெட் 4, ரிபியானோ 1, செகண்ட் 2, தேர்டு 2. கார்னெட்டைவிட மென்மையாக ஒலிக்கும் ஃப்ளூகல்ஹார்ன் தனிக் கணக்கு. சோலோ நால்வர் முன் வரிசை, மீதி எல்லோரும் பின் வரிசை. இரட்சணிய சேனை பேண்டுகளின் தாள்களில் இந்தப் பெயர்கள் மாறும்: சோலோ, ஃபர்ஸ்ட், செகண்ட் என்று இருக்கும். அங்கே ஃபர்ஸ்ட் என்பது சோலோவுக்கு அடுத்த நிலை. பெயரை மட்டும் பார்த்துத் தாளை எடுத்தால் குழப்பம்தான்.

தேர்டிலிருந்து செகண்டுக்குப் போவது பெரிய ஏற்றம் அல்ல. எல்லை கொஞ்சம் மேலே நகரும், பக்கத்தில் அதே பார்ட்டை வாசிக்க இன்னொருவர் இருப்பார். உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான்: ரிபியானோவா, சோலோ நாலாவது நாற்காலியா? இரண்டும் "மேலே" என்றாலும் வேலை வேறு. ரிபியானோவுக்கு ஒரே ஆள். சில இடங்களில் சொப்ரானோவுடன் சேரும், சில இடங்களில் ஃப்ளூகலுடன், சில இடங்களில் முன் வரிசையுடன். பழைய பதிப்புகளில் ரிபியானோவும் ஃப்ளூகலும் ஒரே தாளில் இருக்கும். யார் எங்கே வாசிக்க வேண்டும் என்பது சின்ன எழுத்துச் சுருக்கத்தில்தான் தெரியும், முதல் நாளே அவற்றை வட்டமிட்டு வைக்க வேண்டும். சோலோ நாலாவது நாற்காலியில் ஊதும் நேரம் மிக அதிகம். ஆனால் தனியாக மாட்டிக்கொள்ளும் இடம் குறைவு, மூன்று பேர் கூடவே இருக்கிறார்கள். உதட்டின் தாக்குப்பிடிப்பு குறைவாக இருந்தால் ரிபியானோ நல்ல முதல் படி, தனியாக நுழைவதில் தயக்கம் இருந்தால் நாலாவது நாற்காலி. கண்டக்டர் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லியே பதில் சொல்லலாம்.

தாள் கையில் கிடைத்ததும் வாத்தியத்தைத் தொடாமல் பென்சிலோடு உட்காருங்கள். குறிக்க வேண்டியவை மூன்று. ஸ்டாஃபின் மேல்கோட்டுக்கு மேலே உட்காரும் ஜி-யும் அதற்கு மேலே உள்ளவையும் எந்த பார்களில் வருகின்றன என்பது ஒன்று. 8 பாருக்கு மேல் ரெஸ்ட் விட்டு நுழையும் இடங்கள் இன்னொன்று. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: 2 பார் ரெஸ்ட்கூட இல்லாமல் வாசித்துக்கொண்டே போகும் மிக நீண்ட பகுதி எது? அதைக் குறித்த வேகத்தில், கடிகாரத்தை வைத்து எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள். 3 நிமிடம் என்றால், நிகழ்ச்சிக்கு முன் வீட்டில் 4½ நிமிடம் தாங்க வேண்டும். மேடையில் பதற்றமும் சத்தமும் சேர்ந்து கணிசமான சக்தியைத் தின்றுவிடும். அந்த ஒன்றரை மடங்கு அதற்காகத்தான். உயரத்துக்கும் இதே விதி. பார்ட்டின் உச்சம் பி ஃபிளாட் என்றால், பயிற்சியில் சி நம்பகமாக வர வேண்டும். அதுவும் மெல்லிசாக. உரக்க மட்டுமே வருகிற உச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தாக்குப்பிடிப்பை வளர்க்க 6 வாரம் வேண்டும், 2 வாரத்தில் திணித்தால் உதடு வீங்கும். காலையில் 10 நிமிடம் நீண்ட நோட்டுகளும், வால்வு மாற்றாமல் உதட்டாலேயே நோட்டு மாற்றும் லிப் ஸ்லர்களும். மாலையில் 15 நிமிடம் கொண்ட பகுதிகளாக இரண்டோ மூன்றோ. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஊதிய நேரம் அளவுக்கே மவுத்பீஸை (உதட்டில் பதியும் ஊதுமுனை) இறக்கி வைத்து ஓய்வு. வாரத்தில் 2 நாள் மட்டும் இந்த விதியை உடைத்து, குறித்து வைத்த அந்த நீண்ட பகுதியை நிறுத்தாமல் வாசியுங்கள், மறுநாள் லேசான வேலை போதும். உதட்டில் மவுத்பீஸ் வளையத்தின் தடம் 15 நிமிடத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அழுத்தி வாசித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அழுத்தும்போது மேலுதட்டில் ரத்த ஓட்டம் தடைபடும், அதிர்வு நிற்கும், ஒலி மெலிந்து காற்று மட்டும் வரும். அந்த நேரத்தில் இன்னும் அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அங்கே நிறுத்துவதே பயிற்சி.

அடுத்தது சுருதி. இதைப் பற்றி அதிகம் பேச்சே எழுவதில்லை, ஆனால் தேர்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய திருப்பம். கீழ்ப் பகுதியில் எதிரி ஏறும் சுருதி. ஸ்டாஃபுக்குக் கீழே உள்ள டி (1-3, அதாவது ஒன்றாம், மூன்றாம் வால்வுகளை அழுத்துவது) ஏறி நிற்கும், சி ஷார்ப் (1-2-3) இன்னும் ஏறும். டி-க்கு மூன்றாம் வால்வு ஸ்லைடை (இழுத்தால் குழல் நீண்டு சுருதி இறங்கும்) ஏறக்குறைய 1 செ.மீ. வெளியே தள்ளுவோம், சி ஷார்ப்புக்கு அதைவிட அதிகம். அந்தச் சிரமத்தைக் குறைக்கப் பல தேர்டு வாசிப்பாளர்கள் முதன்மை டியூனிங் ஸ்லைடையே கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துப் பழகிவிடுவார்கள். முன் வரிசைக்கு வந்ததும் அதே அமைப்பு காலை வாரிவிடும். காரணம், ஸ்டாஃபின் நாலாவது கோட்டிலுள்ள டி, அதற்கு மேலே இ ஃபிளாட், இ ஆகிய மூன்றும் ஐந்தாவது ஹார்மானிக்கில் (ஒரே குழல் நீளத்தில் எழும் சுரப் படிகளில் ஐந்தாவது) வருபவை. இயல்பிலேயே சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) இறங்கி நிற்கும். ஏற்கெனவே இழுத்து வைத்த ஸ்லைடோடு சேர்ந்தால் பக்கத்து நாற்காலியின் ஒலியோடு மோதி அலை அலையாகத் துடிக்கும், கேட்கிறவர் முகம் சுளிப்பார்.

ஆகவே ஸ்லைடை உள்ளே தள்ளி, மறுபடி சுருதி சேருங்கள். ஒரே நோட்டை வைத்துச் சேர்க்காதீர்கள். இரண்டாவது கோட்டின் ஜி, மூன்றாவது இடைவெளியின் சி, மேல் ஜி மூன்றையும் பார்த்துச் சமரசம் செய்யுங்கள். கீழ் டி-க்கு மூன்றாம் ஸ்லைடு இருக்கிறது. மேலே நீண்டு நிற்கும் இ மட்டும் இறங்கி ஒலித்தால் 1-2 வால்வில் எடுத்துப் பாருங்கள், இ ஃபிளாட்டுக்கு 2-3, டி-க்கு 1-3. இவை ஆறாவது ஹார்மானிக்கில் வருவதால் சற்று ஏறி நிற்கும். வேகமான இடங்களில் வேண்டாம், நிற்கும் நோட்டுக்கு மட்டும். மேல் ஏ-வுக்கும் வழக்கமான விரல் 1-2தான், அது ஏறும் பக்கம் சாயும். முதல் வால்வு ஸ்லைடில் டிரிகர் (வாசிக்கும்போதே ஸ்லைடை நகர்த்தும் நெம்பு) இருந்தால் அங்கே பயன்படுத்துங்கள்.

நுழைவைப் பற்றிச் சொன்னேனே, அதை நெருங்கிப் பார்ப்போம். 16 பார் ரெஸ்ட், பிறகு மேல் ஏ, பியானிசிமோ, அதாவது மிக மெல்லிசாக. வாத்தியத்தின் உள்ளே இருக்கும் காற்று 1 டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும். அதனால் 12-வது பாரிலேயே ஒலி எழாமல், வாயை லேசாகத் திறந்து "ஹா" என்று சூடான மூச்சை உள்ளே ஊதுங்கள். 13-ல் உதட்டை நாக்கால் நனையுங்கள். 14-ல் மவுத்பீஸ் உதட்டில் வந்துவிட வேண்டும், கடைசி நொடியில் தூக்கிவைப்பதுதான் பல பிசகுகளுக்குக் காரணம். 15-ல் சொப்ரானோவோ ஃப்ளூகலோ என்ன வாசிக்கிறது என்று கேட்டு, உங்கள் ஏ-வை மனத்துக்குள் பாடுங்கள். பாட வராத நோட்டை உதடும் தேடிக்கொண்டே இருக்கும். 16-வது பாரின் கடைசி இரண்டு பீட்டில் மூச்சு, வேகத்துக்கு ஏற்ற மூச்சு. மூச்சை உள்ளிழுத்ததும் பிடித்து நிறுத்தாமல் அப்படியே திருப்பி வெளியே விடுங்கள். பிடித்தால் தொண்டை அடைத்து, நோட் தாமதமாக, முரட்டுத்தனமாக வெடிக்கும். ஏ பிசகினால் பெரும்பாலும் ஜி-யில் விழும் அல்லது இரண்டுக்கும் நடுவில் உடையும், மேலே போகப் போக ஹார்மானிக்குகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால். பல போட்டிகளில் மதிப்பீட்டாளர்கள் மறைப்புக்குள் உட்கார்ந்து காதால் மட்டுமே கேட்கிறார்கள். இந்த ஒரு உடைவு அவர்களுக்குத் தெளிவாகவே கேட்கும்.

நாக்கு வேலைக்கு வருவோம். பதினாறாம் நோட்டுகளை (ஒரு பீட்டுக்கு நான்கு) நுனிநாக்கால் மட்டும் தட்டும் சாதாரண டங்கிங்கில் ஒரு நிமிடத்துக்கு 112 முதல் 120 குரோட்செட் (ஒரு பீட் நோட்டு) வேகம் வரை பலரால் தாங்க முடியும். அதற்கு மேல், நுனிநாக்கும் பின்நாக்கும் மாறி மாறித் தட்டும் டபுள் டங்கிங். கார்னெட்டுக்கு 1864-ல் பெரிய பயிற்சி நூல் எழுதிய அர்பான் வகுத்த அசைகள் இன்றும் அதேதான்: டபுளுக்கு து-கு, டிரிபிளுக்கு து-து-கு. தமிழ் பேசும் நாக்குக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள அசையை "டு" என்று படித்து, நாக்கை மடக்கி அண்ணத்தில் தட்டாதீர்கள். அப்படித் தட்டினால் நாக்கின் பின்பகுதி எழும்பிக் காற்றை மறிக்கும். மேற்பல்லுக்குப் பின்னால், ஈறு தொடங்கும் இடத்தில் நுனி பட்டுப் பிரிய வேண்டும். "து" சொல்லும்போது படும் இடத்துக்கு அது மிக நெருக்கம். "கு" எப்போதும் பலவீனமாக இருக்கும். ஆகவே தினமும் 2 நிமிடம் கு-கு-கு மட்டும் நடு ஜி-யில் வாசியுங்கள். பிறகு முழு வரியையும் "கு"விலேயே தொடங்கி கு-து-கு-து என்று. 116 முதல் 132 வரை உள்ள வேகம் ஓர் இக்கட்டான பிரதேசம், சாதாரணத்துக்கு அதிகம், டபுளுக்குக் குறைவு. டபுள் டங்கிங்கை 100-லும் சமமாக வாசிக்கப் பழகினால்தான் இந்த இடைவெளி மறையும்.

முன் வரிசையில் நால்வரும் ஒரே தாள் வாசித்தாலும் எல்லாவற்றையும் எல்லோரும் வாசிப்பதில்லை. பிரிந்து வரும் இடங்களில் மேல் வரியை முதல் இருவர், கீழ் வரியை மற்ற இருவர் எடுப்பது வழக்கம், ஆனால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "சோலோ" என்றால் பிரின்சிபல் (முதல் நாற்காலிக்காரர்) மட்டும், "டுட்டி" வந்ததும் எல்லோரும். பெரிய டுட்டிக்குப் பின் பிரின்சிபலுக்கு நீண்ட சோலோ இருந்தால், அந்த டுட்டியில் அவர் ஓய்ந்துகொள்வார், பக்கத்தில் இருப்பவர் மேல் வரியைச் சுமப்பார். பக்கத்தில் இருக்கும் அவரைப் பம்பர்-அப் என்று சொல்வது இதனால்தான். மூச்சைப் பார்க்கோட்டில் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நால்வரும் ஒரே கோட்டில் மூச்சு வாங்கினால் மெட்டு அங்கே அறுந்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசி, அவர் வாங்கும் இடத்துக்கு இரண்டு பீட் தள்ளி உங்கள் மூச்சுக்குறியைப் போடுங்கள். விப்ராட்டோவும் (ஒலியின் அலைவு) பிரின்சிபல் செய்வதைப் பார்த்துத்தான், அவரைவிட அகலமாகப் போனால் நான்கு கார்னெட் ஒன்றாகக் கேட்காது.

மவுத்பீஸ் மாற்றும் ஆசை இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வரும். ஆழம் குறைந்த கப் (மவுத்பீஸின் கிண்ணப் பகுதி) போட்டால் மேல் நோட்டுகள் சுலபமாகத் தோன்றும், ஆனால் ஒலி டிரம்பெட்டை நோக்கிப் போகும். கார்னெட்டின் உருண்டை ஒலிக்காகத்தான் அந்த நாற்காலியே இருக்கிறது. டெனிஸ் விக் நிறுவனத்தின் 4 போன்ற ஆழமான கப்பில் வாசிப்பவர் அதே எண்ணில் சற்று ஆழம் குறைந்த 4 பி-யை முயன்று பார்க்கலாம். அதைத் தாண்டிப் போக வேண்டாம். மாற்றுவதென்றால் நிகழ்ச்சிக்குக் குறைந்தது 3 வாரத்துக்கு முன். டிரம்பெட் மவுத்பீஸை மாட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: அதன் தண்டு கார்னெட்டில் பொருந்தாது.

சின்ன விஷயம் போலத் தெரியும் இன்னொன்று, மூச்சின் ஈரத்தால் குழலுக்குள் தேங்கும் தண்ணீர். தேர்டில் ரெஸ்ட் அதிகம் என்பதால் எப்போது வேண்டுமானாலும் வாத்தியத்தைக் காலி செய்யலாம். முன் வரிசையில் இடமே கிடைக்காமல், சரியாக அந்த மெல்லிய மெட்டில் களகளவென்று சத்தம் வரும். எந்த பாரில் காலி செய்வது என்று தாளிலேயே குறியுங்கள். மூன்றாம் வால்வு ஸ்லைடிலும் தண்ணீர் தேங்கும், அதை மறந்துவிடுவார்கள். மியூட் (வாத்தியத்தின் வாயில் செருகும் ஒலியடக்கி) மாற்றும் இடங்களும் அப்படியே. ஸ்ட்ரெயிட் மியூட் போட்டதும் சுருதி ஏறும், ஹார்மன் மியூட்டிலும் ஏறும், டியூனிங் ஸ்லைடைச் சில மில்லிமீட்டர் இழுக்க 2 பீட்டாவது தேவை. மியூட்டை மடியில் வைக்காமல் நாற்காலிக்கு வலப்புறம் ஒரே இடத்தில் வைத்துப் பழகுங்கள்.

முதல் சில ஒத்திகைகளில் எல்லா நோட்டையும் வாசித்தே தீர வேண்டும் என்று நிற்காதீர்கள். பென்சிலால் குறித்த அந்த நீண்ட பகுதியில், நால்வரும் ஒன்றாக உரக்க வாசிக்கும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு 4 பார் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பார் வீதம் அதைத் திரும்பச் சேருங்கள்.